எரிந்த குச்சியும் அவிழ்ந்த ரிப்பனும்

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு நான் முதலில் பார்த்தது, பிளஸ் டூ வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்த ஒரு மாணவியின் விரல் நுனிகளை. தீப்பெட்டி ஒட்டும் பசை அவற்றில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

சாத்தூரில் ஒரு பெண்கள் பள்ளி. இரண்டாயிரமாவது ஆண்டு கடந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் மாவட்டச் செய்தியாளன். மல்லாங்கிணறில் ஒரு விவசாயிகள் கூட்டத்துக்குப் போக வேண்டியவன், மனைவியை பைக்கில் கொண்டுவந்து விட்டபின் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் திறந்திருந்தது.

அவள் அங்கே தற்காலிக ஆசிரியை. ஜூனில் ஆர்டர் கொடுப்பார்கள், ஏப்ரலில் நிறுத்துவார்கள். அந்த வருடம் விலங்கியலுக்கு நிரந்தர இடம் ஒன்று காலியானது. பள்ளியின் நிர்வாகக் கமிட்டி முன்னிலையில் உண்மையான மாணவிகளுக்கு ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். அதில் தவறினால் இடம் வெளியாளுக்குப் போகும். தலைமையாசிரியை முந்தின நாள் கொடுத்த பாடம்: குடலின் மென்தசை எப்படி இறுகுகிறது, எப்படித் தளர்கிறது.

அவள் தீக்குச்சிகளோடு போயிருந்தாள். தசைக்குள் ஆக்டின், மையோசின் என்று இரண்டு இழைகள். செல்லுக்குள் கால்சியம் ஏறும்போது கால்மோடுலின் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு கைனேஸ் என்ற நொதியை எழுப்புகிறது. கைனேஸ் மையோசினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. ஒட்டியதும் மையோசின் ஆக்டினைப் பற்றி இழுக்கிறது. இதுவரை சொல்லிவிட்டு, பாஸ்பேட் ஒட்டுவது குச்சியை உரசுவது மாதிரி என்று ஒரு குச்சியைக் கொளுத்திக் காட்டினாள்.

வேறு ஊராக இருந்தால் உதாரணம் ஓடியிருக்கும். இங்கே வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தீப்பெட்டி வேலை. பசை விரல்காரி எழுந்தாள்.

"எரிஞ்ச குச்சிய யாரு டீச்சர் திரும்ப அடுக்குவா? அது கழிவுல்ல?"

அப்படியானால் ஒருமுறை சாப்பிட்டதோடு குடல் முடிந்துவிடுமா, மறுபடி இறுகாதா என்று பின்னாலிருந்து இன்னொருத்தி கேட்டாள். கமிட்டிச் செயலாளர் தீப்பெட்டி கம்பெனி வைத்திருப்பவர். எரிந்த குச்சியைத் தன் கம்பெனியிலும் வாங்குவதில்லை என்று அவர் சொல்ல, வகுப்பு முழுக்கச் சிரித்தது. என் மனைவி கையிலிருந்த கருகிய குச்சியைப் பார்த்தாள். பிறகு அதை மேஜையில் வைத்தாள்.

"நீங்க சொல்றதுதான் சரி. என் உதாரணம் தப்பு," என்றாள். "ஸ்கிப்பிங் கயிறு ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

கயிறு வந்தது. ஒரு முனையை காலி நாற்காலியில் கட்டினாள். கயிறு ஆக்டின், அதைப் பிடித்த மாணவிகள் மையோசின். மணிக்கட்டில் ரிப்பன் இருப்பவள் மட்டும் இழுக்கலாம். ரிப்பன்தான் பாஸ்பேட். சடையிலிருந்து அவிழ்த்த ரிப்பன்களைக் கட்ட ஒருத்தி, அவள் கைனேஸ். அவிழ்க்க ஒருத்தி, அவள் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான பாஸ்பட்டேஸ். ஒரு சாக்பீஸ் கால்சியம். அதை வாங்கிக்கொண்டு கைனேஸின் தோளைத் தொட ஒருத்தி, கால்மோடுலின். தொட்டால்தான் கட்ட வேண்டும். அவிழ்ப்பவளுக்கு யார் உத்தரவும் வேண்டாம், அவள் பாட்டுக்கு அவிழ்த்துக்கொண்டிருக்கலாம்.

சாக்பீஸ் கால்மோடுலின் கைக்குப் போனது. கட்டுபவள் வேகம் எடுத்தாள். நாற்காலி தரையில் உராய்ந்துகொண்டு நகர்ந்தது. என் மனைவி சாக்பீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கட்டும் கை நின்றது. அவிழ்க்கும் கை நிற்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் கயிற்றை விட்டார்கள். பசை விரல்காரி மட்டும் விடவில்லை.

"ஏ புள்ள, ரிப்பன அவுத்தாச்சு, விடு."

"புடிச்ச புடிய உடனே எப்படி விட?"

மறுபடி சிரிப்பு. என் மனைவி இந்த முறை கூடச் சிரித்தாள். அதுவும் உடம்பில் நடப்பதுதான் என்றாள். பற்றியிருக்கும்போதே பாஸ்பேட்டை இழந்த மையோசின் சட்டென்று விடாமல் பிடித்தபடியே நிற்கும். அதனால்தான் இதே தசை கொண்ட ரத்தக் குழாய்கள் கொஞ்சமே சக்தியைச் செலவழித்து நெடுநேரம் இறுகி நிற்கின்றன. பசை விரல்காரி கயிற்றை விட்டுவிட்டுக் கூட்டாளிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். என் மனைவி அதே ரிப்பன்களைக் கொடுத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கினாள். நாற்காலி மறுபடி நகர்ந்தது. எரிந்து தீர்ந்தது எதுவும் இல்லை.

செயலாளர் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஆஸ்துமா ஸ்பிரேயை எடுத்தார்.

"இத அடிச்சா மூச்சு தெறக்குது. உள்ள யாரு என்ன செய்றா? சொல்லுங்க டீச்சர்."

மூச்சுக்குழாயைச் சுற்றியிருப்பதும் இதே மென்தசைதான். அவள் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"கால்சியத்தையும் குறைக்குது, கட்டுறவ கையையும் தளர்த்துது. அவுக்கிறவ முந்திக்கிறா."

செயலாளர் ஸ்பிரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டியவளையும் அவிழ்த்தவளையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை தனக்காகச் செய்யச் சொன்னார். இந்த முறை சாக்பீஸை அவரே கொடுத்தார். கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். தலைமையாசிரியை அவர்களை இறங்கச் சொல்லவில்லை. மணி அடித்தும் யாரும் வெளியே வரவில்லை.

வெளியே வந்தபோது என் மனைவியின் புடவை முழுக்க சாக்பீஸ் தூள். மல்லாங்கிணறு கூட்டம் முடிந்திருக்குமே என்று கேட்டாள். முடிந்திருந்தது.

ஜூனில் வந்த ஆர்டரில் தற்காலிகம் என்ற சொல் இல்லை. அந்தப் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில், நுண்ணோக்கிகள் இருக்கும் அலமாரியில் ஒரு ஸ்கிப்பிங் கயிறு இருக்கிறது.