வெயிலில் காய்ந்த கேப்சூல்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் திருத்தங்கல் பக்கம் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி நடத்தினேன். என் சரக்கு நமத்துப் போனது என்று ஒரு கடைக்காரனும் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஓர் ஐப்பசி மழையில் என் மனைவிக்கு டைபாய்டு வந்தது. விருதுநகர் டாக்டர் கொடுத்த கேப்சூலில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பாட்டிலைத் திறந்தால் கேப்சூல்கள் பிசுபிசுவென்று ஒட்டின. நமத்தால் வேகம் போய்விடுமே! வெயில் வந்ததும் பட்டாசு காயும் களத்தில் அவற்றையும் பரப்பினேன். மதியம் பார்த்தால் எல்லாம் உருகி ஒரே கட்டி.

தினமும் வந்து பார்க்கும் நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, இதென்ன சரவெடியா, வெயில்ல காயப்போட?”

“வேகம் கூடும்னு நெனச்சேன் தாயி.”

“உள்ளதும் போச்சு. பாதியில விட்டா காய்ச்சல் திரும்பிரும். அக்கா தாங்க மாட்டாக. நீங்க அவுகளப் பாத்துக்கோங்க, நான் போய் வாங்கியாறேன்.”

மறுபடி பிடித்துக்கொண்ட மழையோடு விருதுநகருக்குப் பஸ் ஏறிப் போனார். நான் வீட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். மனைவியின் உடம்பு மறுபடி கொதித்தது. பஸ் வந்து நின்றதும் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். நர்சம்மா மருந்தைத் தரவில்லை. நேரே உள்ளே போனார்.

“அக்கா, இது ஒங்க தலமாட்டுலயே இருக்கட்டும். அண்ணாச்சி கண்ணுல காட்டிராதீக.”

பேசவும் தெம்பில்லாமல் கிடந்தவள் சிரித்தாள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். என் சரக்கை ஊர் ஊராக நம்பி வாங்கினார்கள். ஆனாலும் மழைக்காலம் வந்தால், அன்று வெறுமனே நீட்டி நின்ற என் கைதான் நினைவுக்கு வருகிறது.