பாதி செவப்பு, பாதி பச்சை

செந்துளுவன்னா செவ்வாழை. பூதப்பாண்டி பக்கம் எங்க விளையில, தோட்டத்தை இங்க அப்படித்தான் சொல்லுவோம், அதுதான் எங்கப்பாவோட கெத்து. தண்டும் செவப்பு, காயும் செவப்பு. அடுத்த விளை மாமா ஒருநாள் அப்பாட்ட வந்து கன்னு கேட்டாரு. சொந்த மாமா இல்ல, வேலி ஒட்டுன மாமா. மவளுக்கு எப்படியும் வாற வருசம் கல்யாணம், பந்தல் வாசல்ல ரெண்டு பக்கமும் குலையோட துளுவன் கெட்டணும்னு ஆசை. அந்த மவ என் உயிர்த்தோழியாக்கும். அப்பா நம்ம வாழை மூட்டுல இருந்து நல்ல கன்னா ரெண்டு தோண்டி சும்மாவே குடுத்தாரு.

ஒரு குலை ஜோரா வந்துது. மத்ததுல இந்தப் பக்கம் செவப்பு, அந்தப் பக்கம் பச்சை. நடுவுல உள்ள சில காயில ரெண்டு கலரும் கோடு பிரிச்ச மாதிரி. நான் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். மாமா சிரிக்கல. எங்கப்பா கலப்படக் கன்னைத் தலையில கெட்டிட்டாருன்னு டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லியாச்சு. அப்பாவுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்து, அவிய வீட்டைப் பாத்த ஜன்னலையே சாத்திட்டாரு. அப்புறம் என்ன, ஊரெல்லாம் கல்யாணம் விளிச்சு தீந்துது, எங்க வீட்டு நடையில மட்டும் ஆளு ஏறல.

மாமா மவ போன்ல ஒரே அழுகை. "ஏட்டி, நீ இல்லாம நான் எப்படிட்டி மணையில இருப்பேன்? பெரிய பயோடெக் படிச்சியே, எதாவது செய்யி."

சரின்னு மாமாட்ட போயி கிளாஸ் எடுத்தேன். வாழைக்கன்னு வெதையில வராது மாமா, கெழங்குல உள்ள செல்லு ரெண்டா, ரெண்டு நாலாப் பிரிஞ்சு பிரிஞ்சுதான் வருது. பிரியதுக்கு முன்னாடி செல்லு தன் டி.என்.ஏ.வை முழுசா ஒரு காப்பி எடுத்து, ஆளுக்கு ஒண்ணுன்னு பங்கு வச்சிரும். ஜெராக்ஸ் கடை மாதிரி. எப்பவாவது ஒரு காப்பியில செவப்பு நிறத்துக்கான வரி மட்டும் சொதப்பிரும். அந்தச் செல்லுல இருந்து பிரியது எல்லாம் அதே சொதப்பலையே காப்பியடிக்கும், பரீட்சையில முன் பெஞ்சு தப்பா எழுதினா பின் பெஞ்சு மொத்தமும் அவுட் ஆகும்லா, அப்படி. வளருற நுனியில ஒரு பக்கம் அப்படி ஆனா, குலையிலயும் ஒரு பக்கம் பச்சை. யாரும் யாரையும் ஏமாத்தல.

மாமா பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு, "அப்பனுக்கு சப்போட்டு பண்ண இவ்வளவு படிக்கணுமா மக்களே?"ன்னாரு.

செம கடுப்பு. விளை வழியா வீட்டுக்கு வந்தேன். அப்பாவோட தாய்வாழை மூட்டுல, காஞ்ச சருவுக்கு அடியில ஒரு கன்னு தலை நீட்டிட்டு நிக்குது. தண்டு நல்ல பச்சை. எனக்கு அப்படியே ஜிவ்வுன்னு இருந்துது. வேலி தாண்டி ஓடி, மாமா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன். அவரு மம்பட்டியும் கையுமா வந்தாரு. தோண்டிப் பாக்கணுமாம், புதுசா நட்டு வச்சிருப்போம்னு சந்தேகம்.

அப்பா கையைக் கெட்டிட்டு ஓரமா நின்னாரு. மாமா மண்ணை விலக்க விலக்க, பச்சைக் கன்னு செவப்பு வாழையோட கெழங்குலயே ஒட்டியிருக்கது தெளிவா தெரிஞ்சுது. ஒரு இழு இழுத்தாரு. அசையல. அப்படியே வரப்புல உக்காந்துட்டாரு.

"ஓய், உம்ம வாழை உம்மையே ஏமாத்திட்டு நிக்குது. நான் போயி உம்மைச் சொல்லிட்டேனே."

அப்பா மொகத்துல சிரிப்பு வந்துட்டு, ஆனா விட்டுக்குடுக்கல. "கல்யாணம் விளிக்க வந்தீரா, தோண்ட வந்தீரா?"

"ரெண்டுக்கும்தான் ஓய். குடும்பத்தோட வந்திரணும்."

அம்மா அவரைக் கை கழுவ வச்சு சுக்குக்காப்பி குடுத்தா. நான் கல்யாணப் பொண்ணுக்குப் போனைப் போட்டு, என்ன சாரி உடுக்கணும்னு கேட்டேன். மறுபடியும் அழுதா, லூசு.

கல்யாணத்தன்னைக்கு அந்த ரெண்டு கலர் வாழையை வாசல்ல கெட்டுனது அப்பாதான். பச்சைப் பக்கம் ரோட்டைப் பாத்து இருக்கட்டும்னு மாமாதான் சொன்னாரு. மாப்பிள்ளையைவிட குலையோட செல்ஃபி எடுத்த கூட்டம் அதிகம். புதுக்கடை ஊர்ல இருந்து வந்த சம்பந்திக்கு அது ஏதோ புது ரகம்னு நெனப்பு, தனக்கும் ஒரு கன்னு வேணும்னு கேட்டுட்டாரு.

அப்பாவும் மாமாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாவ. "தாரோம்," அப்பா சொன்னாரு, "ஆனா நிறத்துக்கு நாங்க பொறுப்பில்ல." ரெண்டு பேரும் தோள்ல கையைப் போட்டு ஒரே சிரிப்பு.

சம்பந்திக்கு ஒண்ணும் மனசிலாவல. நான் விளக்கலாம்னு வாயைத் தொறந்தேன். மணப்பொண்ணு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டா.

"ஏட்டி, உன் ஜெராக்ஸ் கடையை இங்கயும் தொறக்காதட்டி. வா, போட்டோ எடுப்போம்."