வானத்தைப் பார்க்கிறவர்

எங்கள் பனியன் கம்பெனிக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டிக்குத் தோண்டிய குழியில் பாறை வந்தது. அதற்கு வெடி வைக்க வந்தவருக்கு வலது காது பாதிதான் இருந்தது. வெடித்ததும் எல்லோரும் குழியைப் பார்க்க, அவர் மட்டும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். முதலாளியாகிய நான் பனியன் பண்டலைத் தலைமேல் பிடித்துக் கண்ணை மூடியிருந்தேன்; திறந்தபோதும் அவர் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, கண்ணை மூடிக்கிட்டா கல்லு வராதுங்களா?” என்றார்.

“மேல என்னங்க பாக்கறீங்க?”

“குழிக்குள்ள கல்லுக்குப் பக்கவாட்டுல விலக எடமில்லீங்க. மேலதான் கெளம்பும். சத்தம் முன்னால வந்துரும், கல்லு சாவகாசமா வரும். பாத்துட்டிருந்தா ஒதுங்கிக்கலாம்.”

“அப்ப காது?”

“அன்னைக்குக் குழியைப் பாத்துட்டேனுங்க.”

அடுத்த வெடிக்கு நானும் அண்ணாந்தேன். கல்லும் தெரிந்தது. கால்தான் நகரவில்லை. அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் நின்ற இடத்தில் தேங்காய் அளவு கல் விழுந்தது. கும்பிடக் கையெடுத்தேன்.

“இருங்க, இன்னும் வருதுங்க” என்றார், வானத்தைவிட்டுக் கண்ணெடுக்காமல்.