மாலை போட்ட மாமா ஆடிய பைனல்

எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி ஒரு வெள்ளைக்காரனால் வந்தவை. அவன் அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கால்பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவன். வலது ஓரத்தில் ஓடுகிறவன். ஐம்பது வயது வரைக்கும் பூட்ஸைக் கழற்றாதவன். பழைய பத்திரிகையில் கிழித்த அவன் படத்தை என் தாய்மாமா பீரோக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். விடிகாலையில் திண்டுக்கல் மார்க்கெட்டில் பூ வியாபாரம், சாயங்காலம் அகரம் அணிக்கு வலது ஓரம், இதுதான் மாமா. நாற்பதைத் தொட்ட பிறகும் விடவில்லை. யாராவது வயதைப் பற்றி வாயெடுத்தால் வெள்ளைக்காரனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவார்.

“அவன் அம்பது வயசு வரைக்கும் ஆடலையா?”

“அவன் முட்டிய அவன் பொண்டாட்டி பாத்துக்கிட்டா. உங்க முட்டிய நாந்தான பாக்கணும்?” என்பாள் அத்தை.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முந்தின வருடப் பொங்கல் போட்டியில் ஒருவன் உதைத்த உதையில் மாமா மாசக்கணக்கில் படுத்துவிட்டார். அத்தைதான் தனியாகப் பூக்கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய்வந்தாள். அதே முட்டியில் இன்னொரு உதை விழுந்தால் காலமெல்லாம் நொண்டிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அடுத்த மார்கழியில் அத்தை ஒரு வேலை செய்தாள். முட்டி சரியானால் மாமா பழனிக்கு நடந்து வருவார் என்று வேண்டிக்கொண்டதாகச் சொல்லி, கோயிலுக்குக் கூட்டிப்போய் மாலை போட வைத்தாள். மாலை போட்டவர் செருப்பே போடக்கூடாது, அப்புறம் பூட்ஸ் எங்கே போடுவது? மாமா பச்சை வேட்டியும் கழுத்தில் மணிமாலையுமாகத் திரிந்தார். பீரோப் பக்கம் திரும்புவதில்லை. எனக்கு அத்தை மேல் பொல்லாத கோபம்.

அந்தப் பொங்கல் போட்டியில் பைனல் கொடைரோடு அணியோடு. அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு வந்து கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கையில் எங்கள் ஆள் ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டது. மாற்று ஆள் கிடையாது. கேப்டன் மாமாவிடம் ஓடிவந்து கும்பிட்டான்.

“சாமி, செத்த நேரம் இறங்குங்க சாமி!”

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை கோல்போஸ்ட்டைப் பார்த்தாள். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மாமா வெறுங்காலோடு இறங்கினார். நடுவர் கொஞ்சம் யோசித்தார், பிறகு அவரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு விசிலை ஊதினார்.

கொடைரோட்டுப் பையன்கள் முரடர்கள்தான். ஆனாலும் மாலை போட்டவர் மேல் கால் படலாமா? மாமா பந்தோடு வந்தால், எதிரே நிற்பவன் காலை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாகத் தவித்தான்.

“ஏலே, மறிங்கடா!” என்று அவர்கள் கேப்டன் கத்தினான்.

“சாமிய எப்பிடிண்ணே மிதிக்கிறது?” என்று அழாக்குறையாகக் கேட்டான் ஒருவன். இன்னொருவன் தெரியாமல் இடித்துவிட்டு, பந்தை மறந்து, மாமாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கடைசியில் ஒரே ஒருவன் துணிந்து வந்தான். மாமா இடது பக்கம் உடம்பைச் சாய்த்துக் காட்டினார். அவன் அந்தப் பக்கம் போனான், மாமா வலது பக்கம் போய்விட்டார். அது சாமியின் வேலை இல்லை, சுத்தமாக வெள்ளைக்காரனின் வேலை. அடுத்த கணம் பந்து வலைக்குள் கிடந்தது. மைதானமே எழுந்து நின்று “அரோகரா!” என்று அலறியது. முதல் குரல் என் பக்கத்திலிருந்துதான் வந்தது. திரும்பிப் பார்த்தால் அத்தை, முந்தானை சரிந்தது தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தாள். கோப்பையோடு மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு அகரமே ஊர்வலம் போனது. அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கப்புறம் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மாமாவின் பாதத்தில் தைத்த நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“மாலை போட்டும் மாமாவ நிறுத்த முடியலையே அத்தை?”

அவள் மாமாவின் முட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள். வீக்கம் இல்லை.

“ஒருத்தனாச்சும் இதுல கால் வச்சானா, பாத்தியா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

தோற்றுப்போனவளுக்கு எதற்கு இம்புட்டுச் சந்தோஷம் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.