நீந்திப் போன இருவர்

கடற்கொள்ளைக் காலத்து இங்கிலாந்துக் கடற்படையைப் பற்றிய ஒரு புத்தகத்தை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தபோது, என் கணவர் ஏழு மாதமாக ஒரு சரக்குக் கப்பலில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் அதில் சமையல்காரர். முதலாளி கப்பலை ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே அப்படியே கைவிட்டுவிட்டார். கடன்காரர்கள் கப்பல்மேல் போட்ட வழக்கு முடியும்வரை, அவரையும் சேர்த்து நான்கு பேர் கப்பலைவிட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. பாஸ்போர்ட்டுகளும் துறைமுகத்தாரிடம்.

நான் பாலவனத்தத்தில், தகரக் கூரை போட்ட மாடி அறையில் இருந்து எழுதினேன். ஜன்னலைத் திறந்தால் கரிசல் புழுதி, மூடினால் மூச்சு முட்டும். அவர் போன் எப்போது வரும் என்று தெரியாததால், பஸ்ஸில் சிக்னல் போய்விடுமோ என்று அருப்புக்கோட்டைக்குப் போவதையே விட்டிருந்தேன்.

கப்பலுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் படகு வரும் நாளில், அதில் போனுக்குச் சார்ஜ் போட்டுப் பேசுவார். பேச அவரிடம் ஒன்றும் இருக்காது. அதனால் எழுதிய பக்கத்தைச் சொல்வேன். கொள்ளையரைத் துரத்தப் போன அந்தக் கடற்படை, ஆள் போதாமல் வணிகக் கப்பல்களில் ஏறி மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனது. ஓடிவிடுவார்கள் என்று துறைமுகத்திலும் அவர்களை இறங்க விடவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டே காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம். எங்களுக்குக் காய்ச்சல் ஒன்றுதான் பாக்கி என்றார் அவர்.

அப்படிப் பிடிபட்ட இருவர் கடலில் குதித்துத் தப்பி, ஒரு கொள்ளைக் கப்பலில் சேர்ந்துகொண்டதை ஒரு நாள் சொன்னேன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். எவ்வளவு தூரம் நீந்தினார்கள், காவல் படகு எங்கே நின்றது என்று துருவித் துருவிக் கேட்டார்.

அடுத்த முறை அவர் குரல் தணிந்திருந்தது.

“கரை கண்ணுக்குத் தெரியுது. நீந்திருவேன்னு தோணுது.”

அவர் நீச்சல் பழகியது எங்கள் ஊர்க் கிணற்றில். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைச் சொன்னேன்.

“அந்த ரெண்டு பேரு கதைய நான் முழுசாச் சொல்லல. ஒருத்தன் பாதியிலயே முங்கிட்டான். இன்னொருத்தனப் பிடிச்சாந்து, அதே கப்பல்ல கட்டி வச்சு அடிச்சிருக்காக.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“நீங்க சிரிச்சீக. அதான்.”

சரி, போகவில்லை என்றார்.

அதன்பின் ஐந்து மாதம் அங்கேயே கிடந்தார். ஒவ்வொரு போனிலும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அவரைக் கட்டிப் போட்டிருப்பது உத்தரவா, நானா என்று எனக்கே விளங்கவில்லை. கப்பல் ஏலம் போன பிறகுதான் விட்டார்கள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தார்.

இப்போது பந்தல்குடியில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலில் வேலை பார்க்கிறார். புத்தகம் அச்சாகி வந்ததும், ஒரு லீவு நாளில் உட்கார்ந்து படித்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு பேரும் தப்பிச்சுட்டானுக.”

ஆமாம் என்றேன். பயந்துபோய்ச் சொன்னது என்றேன்.

“அஞ்சு மாசம்னா என்னன்னு ஒனக்குத் தெரியாது.”

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பொழுது சாய வந்தார். சோறு போட்டேன். சாப்பிட்டார்.