சோப்பக்காவின் மூக்கு

அவளுக்குச் சோப்பக்கா என்று பேர் வைத்தவன் காய்கறி வண்டிக்காரன்தான். தொற்று பரவ ஆரம்பித்ததிலிருந்து, அவன் கொடுக்கிற தக்காளியைச் சோப்புத் தண்ணீரில் முக்காமல் அவள் உள்ளே எடுத்துப் போனதே இல்லை. "ஏங்க்கா, சில்லறையையும் கழுவித்தான் வாங்குவீங்களா?" என்று ஒருநாள் சீண்டினான். "உன்னையே கழுவணும்டா. பக்கெட்டுக்குள்ள அடங்க மாட்டேங்குற, அதான் விட்டு வச்சிருக்கேன்," என்றாள். அந்த வாயில் விழுந்தவன் எழுந்திருக்க முடியாது.

அவள் பார்த்தது வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. படுத்த படுக்கையாகக் கிடந்தவர் ஒரு டிரைவர். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. நெஞ்சிலும் ஓயாத சளி. "இவருக்கு மட்டும் தொத்திக்கிச்சுன்னா நுரையீரல் தாங்காது," என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீட்டில் அவரும் அவர் மகளும்தான். மகளுக்கு பேங்கில் வேலை. முன்னறையில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுவாள். பின்னறை முழுக்க சோப்பக்காவின் ராஜ்ஜியம்.

அங்கே சட்டதிட்டம் ரொம்பக் கறார். பின்வாசல் வழியாக வந்து, தெருவில் போட்டு வந்த துணியை மாற்றி, முழங்கை வரை சோப்பு போட்டு, இரண்டு மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டுதான் அறைக்குள் கால் வைப்பாள். மாஸ்க்கைக் கழற்றக் கூடாதே என்று சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ராத்திரி நீர்க்கடுப்பு வந்து அவள் முனகியபோது அவள் வீட்டுக்காரர் கத்தினார்: "ஊருக்கெல்லாம் தண்ணி குடி, தண்ணி குடின்னு சொல்ற. நீ என்ன ஒட்டகமா?" ஒட்டகம் மறுநாளும் தண்ணீர் குடிக்காமல்தான் வேலை பார்த்தது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். அடுத்தவர் உடம்பு என்றால் நொடிக்கொரு தரம் தொட்டுப் பார்ப்பார்கள், தங்கள் உடம்பு என்றால் அது ஏதோ வாடகைக்கு எடுத்தது மாதிரி. பார்க்கிற நமக்கு எரிச்சல் வருகிறது, சொன்னால் கேட்டால்தானே!

ஆனால் ஒரு சட்டத்தை அவளே மீறினாள். காரணம் அவள் மூக்கு. மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற இடத்தில் அவள் மூக்கை நீட்டுவாள். படுக்கை நனைந்திருக்கிறதா, முதுகில் இருக்கிற படுக்கைப்புண் ஆறுகிறதா, சீழ் வைக்கிறதா, எல்லாம் வாடையிலேயே தெரிந்துவிடும். டிரைவரோ மகா ரோஷக்காரர். "நனைஞ்சிடுச்சு" என்று வாயைத் திறந்து சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைக்கிற ஆள். அவர் சொல்லும்படி அவள் ஒருநாளும் வைத்ததில்லை. வாடை வந்ததுமே, "வெயில் வந்துடுச்சு ஐயா, விரிப்பை மாத்திக் காயப்போட்டுடலாமா?" என்பாள். "ம்," என்பார். காரியம் முடிந்தது. இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும், இரண்டு பேரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு மாஸ்க்குக்குள் அந்த மூக்கு மந்தமாகிவிட்டது. படுக்கையை ஓரளவு பிடித்துவிடும், புண்ணைப் பிடிக்காது. அதனால் காலையில் கட்டு மாற்றும்போது அவரைச் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துவிடுவாள். ஜன்னலைத் திறப்பாள். மாஸ்க்கை இறக்கி, புண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இழுப்பு. மாஸ்க்கை ஏற்றிவிட்டுத்தான் மூச்சை விடுவாள். 'உள்ளதானே இழுக்கறேன், வெளிய விடலையே' என்று மனசுக்கு ஒரு சமாதானம் வேறு.

ஒருநாள் அப்படித்தான் மோந்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் குனிந்து மோந்தாள். துளி வாடை கிடையாது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு குரல் கொடுத்தாள்: "பாப்பா, இங்க ஓடி வாயேன்! அப்பாவுக்குப் புண்ணு ஆறிடுச்சு, வாடையே இல்ல!"

மகள் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மாஸ்க்குக்கு மேல் கையையும் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா... குடலைப் புரட்டுது. உங்களுக்கு அடிக்கலையா?"

சோப்பக்கா விரிப்பைத் தொட்டாள். சொதசொதவென்று ஈரம். அப்போதுதான் புண்ணைக் கண்ணால் ஒழுங்காகப் பார்த்தாள். ஓரத்தில் மஞ்சளாகச் சீழ். டிரைவர் சுவரைப் பார்த்தபடி கண்ணை இறுக்கி மூடியிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படிக் கிடந்தாரோ, பாவம்.

பின்வாசலுக்கு ஓடினாள். சோப்பை மோந்தாள். பினாயில் பாட்டிலைத் திறந்து மோந்தாள். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. மூக்கு போனால் என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது?

தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம், யாரும் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை. அவள் வெளியே நின்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "எனக்குத் தொத்து வந்துடுச்சு பாப்பா. தினமும் காலையில மாஸ்க்கை இறக்கித்தான் அப்பாவோட புண்ணை மோந்தேன். உடனே டெஸ்ட் எடுத்துடு."

"ஊரையே கை கழுவ வச்சீங்களே அக்கா! நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றாள் மகள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது சோப்பக்காவுக்கு. கேட்க வேண்டிய கேள்விதானே!

தன் வீட்டில் ஒரு மூலையறையில் கிடந்தாள். வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு, "சோப்பு போட்டுக் கழுவிட்டேன், தாயே!" என்பார். காய்ச்சல் வந்து போனது, அதைப் பற்றி அவளுக்கு அக்கறையே இல்லை. போன் அடித்தால்தான் நெஞ்சு பதறியது. அந்த மனுஷன் தன்னால் போய்விடுவாரோ என்று பயந்து செத்தாள். டிரைவருக்கு டெஸ்ட் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. சில நாள் விட்டு மறுபடி எடுத்தார்கள், அப்போதும் இல்லை. மகளுக்கும் இல்லை. ஜன்னல் காப்பாற்றியதோ, சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது காப்பாற்றியதோ, யார் கண்டது. போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

உடம்பு தேறியது. மூக்கு மட்டும் திரும்பவே இல்லை. டெஸ்டில் 'இல்லை' என்று விடுதலைச் சீட்டு கிடைத்ததும் மழையில் நனைந்துகொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனாள், வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்ல.

"வேற ஆளைப் பாரு பாப்பா. மூக்கில்லாம இது ஓடாது. அவர் ஈரத்துல கிடந்தாலும் எனக்குத் தெரியாது, அவரும் சொல்ல மாட்டார். புண்ணு இன்னும் பெருசாயிடும்."

"என்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறார் அக்கா," என்றாள் மகள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "கேட்டா கண்ணை மூடிக்கிறார். போறதுன்னா நீங்களே அவர்கிட்ட சொல்லிட்டுப் போங்க."

துணி மாற்றி, முழங்கை வரை சோப்பு போட்டு, மாஸ்க் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நின்னுக்கறேன் ஐயா. மூக்கு செத்துப்போச்சு. உங்களுக்கு நல்ல ஆளா வருவாங்க."

ஜன்னலில் மழை சடசடவென்று அடித்தது. அவள் கதவுப்பக்கம் திரும்பினாள்.

"இரும்மா," என்றார். ஒரு பக்கம் இழுத்த வாயிலிருந்து வார்த்தை குழறித்தான் வந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"நனைஞ்சிடுச்சு."

சோப்பக்கா அலமாரியிலிருந்து சலவை விரிப்பை எடுத்து உதறினாள்.

"வெயில் வந்துடுச்சு ஐயா," என்றாள். "மாத்திக் காயப்போட்டுடலாமா?"

"ம்," என்றார்.