பொருளடக்கத்துக்குப் புள்ளி வச்ச கதை

ஆறு வருஷம் முக்கி முக்கி எழுதுன கணக்கு ஆராய்ச்சி. அதைப் புள்ளி இல்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டாரு பல்கலைக்கழக ஆபீஸ் கிளார்க். பொருளடக்கத்துல தலைப்பு முடியுற இடத்துலருந்து பக்க எண் வரைக்கும் புள்ளி ஓடணுமாம். உட்தலைப்புக்கெல்லாம் ஓடுது, அத்தியாயத் தலைப்புக்கு மட்டும் வெறும் வெள்ளை. "அஞ்சு மணிக்குள்ள கொண்டாங்கம்மா. இன்னைக்கு விட்டா மறுபடியும் பதிஞ்சுதான் வரணும்"னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு காளவாசல் பிரிண்ட் கடைக்கு ஓடுனேன். நான் எழுதுனது லேடெக்குங்கிற சாப்ட்வேர்ல. அதுல புள்ளியை நாமளா தட்டி வைக்க முடியாது. எப்படி வரணும்னு கட்டளை எழுதணும், பொருளடக்கத்தை அதுவே கட்டிக்கிரும். அதுக்குன்னே யாரோ எழுதி வச்ச பேக்கேஜ்ங்கிற கட்டளைத் தொகுப்பைச் சேத்து ரெண்டு வரி எழுதுனேன். புள்ளி கடகடன்னு ஓடுச்சு.

அதோட விட்டுருக்கலாம்ல? கிறுக்கு பிடிச்சிருச்சு. அத்தியாய எண்ணுக்கு முன்னாடி 'சாப்டர்'னு வரட்டுமேன்னு சேத்தா, அது போயி தலைப்பு மேலயே ஏறி உக்காந்துருச்சு. எண்ணுக்கு விட்ட இடம் பத்தலை. அகலத்தைக் கூட்டுனேன். அம்புட்டு அழகு! அந்த சந்தோசத்துல, லேடெக் தானா உண்டாக்கி வச்சிருந்த துணை ஃபைலையெல்லாம் குப்பைன்னு பெருக்கித் தள்ளிட்டு, லேடெக்கை ஒரே ஒரு தடவை ஓட்டி பிரிண்டுக்குக் கொடுத்துட்டேன்.

"என்ன தங்கச்சி, பொருளடக்கம்னு மேல இருக்கு, கீழ ஒண்ணையும் காணோம்?"னாரு கடைக்கார அண்ணன்.

முதல் ஓட்டத்துல தலைப்பைப் பொறுக்கி அந்தத் துணை ஃபைல்ல வைக்கும், அடுத்த ஓட்டத்துலதான் அதை எடுத்து பொருளடக்கப் பக்கத்துல அடுக்கும். காலேஜ்ல என் மாணவிகளுக்கு நான் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுக்குற முதல் பாடமே இதுதான். சிரிப்பு அடக்க முடியலை. "இன்னொரு தடவை ஓட்டணும்ணே"ன்னு சொல்றதுக்குள்ள வயிறு வலிச்சிருச்சு. என்ன ஏதுன்னு தெரியாமலே அண்ணனும் சேந்து சிரிச்சாரு. மறுபடி ஓட்டி, அந்தத் தாளை மட்டும் மாத்தி, பைண்டு போட்டு, ஆட்டோவுல பறந்தேன்.

அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கு. கிளார்க் ஸ்கேலை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் கீழ வச்சு வச்சு பாத்தாரு. வேற ஒரு பக்கத்தையும் புரட்டலை. சீல் குத்திட்டு, "லட்சணமா இருக்கும்மா"ன்னாரு.

ஆறு வருஷத்துல அந்த ஆராய்ச்சியைப் பாத்து ஒரு ஆள் நல்லாருக்குன்னு சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டு நின்னவ பொசுக்குன்னு அழுதுட்டேன். அவரு பதறிப்போயி, "ஏம்மா, அதான் வாங்கிட்டேன்ல"ன்னாரு.